என்கொயரிக்கு வந்தவர் குடித்த தண்ணீர்

போன வியாழக்கிழமை பதினோரு மணி வாக்கில் ஓர் இளைஞர் வந்து எங்கள் ஃப்ளாட்டின் காலிங் பெல்லை அடித்தார். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, கையில் போன். "மேடம், ஒரு சின்ன என்கொயரி" என்றார். எதிர் ஃப்ளாட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவள் எழுதிக் கொடுத்த விலாசத்தில்தான் குடியிருக்கிறாளா, அக்கம்பக்கத்தில் அவளைத் தெரியுமா என்று பார்த்துக்கொண்டு போக இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

"உள்ள வாங்க, உக்காருங்க. காபி சாப்பிடறீங்களா?" என்றேன்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டார். நான் அவரிடம் ஏதோ பாலிசி விற்கப்போகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும். "இல்ல மேடம், ரெண்டே கொஸ்டின்தான். இன்னும் நெறைய வீடு பாக்கணும்" என்றார். செருப்பைக் கழற்றவில்லை.

என் மகன் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். கூரியர் கொண்டுவருகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், விலாசம் தெரியாமல் மாடி ஏறி வந்தவர், யாராக இருந்தாலும் நான் முதலில் கிரில்லை விரியத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். "ஒரு நாளு திருடன் வந்து டிகாக்‌ஷன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத் திருடப்போறான் பாரு" என்பான் மகன். அவனுக்குக் காரணம் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் அதை இந்த என்கொயரி என்கிற சொல்லிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தது தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில். கண்ணாடி போட்ட ஜன்னல், கண்ணாடியில் அரை வட்டமாக ஓர் ஓட்டை, அந்த ஓட்டைக்கு நேராக ஒருவருடைய மோவாய். முகம் தெரியாது. ஊருக்குப் போகும் வண்டி எத்தனை மணிக்கு என்று அப்பா குனிந்து கேட்பார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அதில் பாதி கண்ணாடிக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும். அப்பா நிமிர்ந்து, பின்னால் வரிசையில் நிற்பவரிடம் "என்ன சொன்னார்?" என்று கேட்பார். ரொம்ப நாள் வரைக்கும் என்கொயரி என்றால் மோவாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு வேறு குரல் இருந்தது. அப்பாவின் ஆபீஸில் யார் மேலாவது "என்கொயரி வெச்சுட்டாங்க" என்றால் அம்மா குரலைத் தணித்துக்கொள்வாள்; அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பலாமா கூடாதா என்று யோசிப்பாள். ரேஷன் கார்டுக்கு என்கொயரி வருகிறது என்று செய்தி வந்தால் தெருவே சுறுசுறுப்பாகிவிடும். கேஸ் சிலிண்டர் இருந்தால் மண்ணெண்ணெய் அளவு குறைந்துவிடும் என்பதால் எங்கள் தெருவில் எத்தனையோ சிலிண்டர்கள் பழைய புடவை போர்த்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கின்றன. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் என்கொயரி என்றால் வீட்டைக் கழுவித் துடைத்துக் கோலம் போடுவார்கள். வருகிறவர் நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொல்வார்.

தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது. விசாரணை என்றால் பயம். விசாரிப்பு என்றால் அன்பு; அந்தக் காலத்து இன்லண்ட் லெட்டர்களில் கடைசி வரி "அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்றுதான் முடியும். இந்த என்கொயரியோ இரண்டு வாசற்படிக்கும் நடுவில் கைப்பையோடு நிற்கிற ஆள். உள்ளே வரச் சொல்வதா வேண்டாமா என்று நாம்தான் முடிவுசெய்யவேண்டும்.

நான் அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டிருந்தேன். டிகிரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் என்கொயரி கவுண்டர். பெயர் வேண்டாம், இப்போது அந்த இடத்தில் அது இல்லை. நான் சேர்ந்த வாரம் அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கவுண்டருக்கு மேலே மாட்டவேண்டிய ஆங்கிலப் பலகையில் அந்தச் சொல் 'இ' எழுத்தில் தொடங்கவேண்டுமா 'ஐ' எழுத்தில் தொடங்கவேண்டுமா என்று. சும்மா கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு 'இ', குற்றம் குறை என்று துருவிப் பார்ப்பதற்கு 'ஐ' என்றார் ஆங்கிலப் பேராசிரியர். அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் 'ஐ'தான் என்றார் மானேஜர். அவருடைய மைத்துனர் அமெரிக்காவில் இருந்தார். கடைசியில் பெயின்டர் அவருக்குத் தெரிந்தபடி எழுதிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். அந்தப் பலகைக்குக் கீழேதான் நான் உட்கார்ந்தேன். கண்ணாடி, அரை வட்ட ஓட்டை, அதற்கு நேரே இப்போது என் மோவாய்.

ஒரு நாளைக்கு நூறு பெற்றோராவது வருவார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், ஆனால் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இரண்டே மாதத்தில் எனக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டது. அவர்கள் வாய் திறக்கும்போதே நான் விரலை மடக்க ஆரம்பித்துவிடுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. முடித்ததும் "வேற ஏதாவது டவுட் இருக்கா சார்?" இருக்காது. அடுத்தவர். சீக்கிரம் அனுப்புகிற பெண் என்று எனக்கு நல்ல பெயர். அந்தக் கர்வத்தோடுதான் தினமும் சாயங்காலம் மீட்டர்கேஜ் ரயிலில் தாம்பரம் வந்து இறங்குவேன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு காலனித் தெருவில் இருந்தது. தனித்தனி வீடுகள், முன்னால் ஒரு வராந்தா, வராந்தாவுக்குக் கிரில். அந்தத் தெருவில் என்கொயரி என்று மொட்டையாகச் சொன்னால் ஒரே ஓர் அர்த்தம்தான். "சுந்தரம் சார் வீட்டுக்கு என்கொயரி வந்திருக்காங்களாம்" என்றால், சுந்தரம் சாரின் பையனையோ பெண்ணையோ கேட்டுக் கல்யாண விஷயமாக ஆள் வந்திருக்கிறது. வந்த ஆள் சுந்தரம் சார் வீட்டுக்குப் போகாமல் மற்ற வீடுகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்து, காபி குடித்து, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வருவது இது. அதில் தேறினால் கல்யாணம்.

வருகிறவர் நேராகக் கேட்கமாட்டார். "இங்க வாடகைக்கு வீடு ஏதாவது காலியா இருக்குமா?" என்றுதான் தொடங்குவார். வீடு தேடுகிறவர் இல்லை என்று பார்த்ததுமே நமக்குத் தெரிந்துவிடும். நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் தண்ணீர் வசதி, மார்க்கெட், பஸ் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "பக்கத்துல எல்லாம் நல்ல மனுஷாளா?" என்று மெதுவாக விஷயத்துக்கு வருவார். எங்கள் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்ற பயம். அதே சமயம், மறைத்து வைத்து ஒரு குடும்பத்தைக் கிணற்றில் தள்ளுவதும் பாவம். இரண்டு பாவத்துக்கும் நடுவில் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்.

ஒருமுறை கோடி வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். அந்தப் பையன் குடிப்பான் என்பது தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். அம்மா வராந்தா கிரில்லின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றுகொண்டே, "தங்கமான பையன், வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டான்" என்றாள். வந்தவர் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

"ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"அவருக்குப் புரிஞ்சிருக்கும். நீ போய் அரிசியக் கள" என்றாள்.

நான் போய் அரிசியைக் களைந்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. கிரில்லைத் திறந்து, உட்கார வைத்து, காபி கொடுத்தால் நல்ல இடம். வாசலிலேயே நிற்கவைத்து வாய் நிறையப் புகழ்ந்தால் வேண்டாம். இவ்வளவுதான் சங்கதி. தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்த இது, என்கொயரி கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் பக்கத்து வீடு சுகுணா அக்காவுடையது. நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். அக்கா பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா தவறிப்போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா, படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. காலையில் நானும் அக்காவும் ஒன்றாகத்தான் ஸ்டேஷனுக்கு நடப்போம். அவள் சென்னை பீச் பக்கம் போகிற வண்டி, நான் செங்கல்பட்டுப் பக்கம். படிக்கட்டில் பிரிவோம். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது. அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், அது வெளியே சொல்லாத வயது.

மூன்று நான்கு இடம் வந்து நழுவிப்போன பிறகு திருவள்ளூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அக்கா சொன்னாள்: "எந்த கிளாஸுக்குக் கணக்கு எடுக்கறீங்கன்னு கேட்டாருடீ. எட்டாவதுன்னேன். எனக்கு அங்கதாங்க கணக்கு விட்டுப் போச்சுன்னாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். மார்க்கெட் தாண்டியதும் அதையே இன்னொரு தடவை சொன்னாள். படிக்கட்டில் பிரியும்போது மூன்றாவது தடவை. ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்கிற ஆள் இல்லை அவள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் காஞ்சிபுரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார்கள். நான் லீவு போட்டு வீட்டில் தனியாக இருந்தேன். அந்த லீவு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. தலைவலி என்று கல்லூரிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்து சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான் பின் தெருவில், அடுப்பு ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அம்மா ஒரு வாரமாக மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தனியா இருக்கறப்ப யாரு வந்தாலும் கிரில்லுக்கு அந்தப் பக்கமே நிக்க வெச்சுப் பேசு."

மூன்று மணிக்கு வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடக்கிய குடை, ரெக்சின் பை. "ஏம்மா, இங்க வாடகைக்கு வீடு ஏதாவது காலியா இருக்குமா?"

கவுண்டர் பழக்கம் எனக்கு. சுற்றி வளைத்தால் பொறுமை இருக்காது. "சார், நீங்க சுகுணா அக்காவப் பத்தி என்கொயரிக்குத்தானே வந்திருக்கீங்க? கேளுங்க, சொல்றேன்" என்றேன். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் கேட்பதற்குக் காத்திருக்காமல் விரலை மடக்க ஆரம்பித்தேன்.

"ஒண்ணு, எம்.எஸ்சி., பி.எட். ஸ்கூல்ல ரொம்ப நல்ல பேரு. ரெண்டு, இந்தத் தெருவுல பத்தாவது படிக்கற பசங்களுக்கெல்லாம் சும்மாவே கணக்கு சொல்லித் தர்றாங்க. மூணு, அவங்க அப்பா போனப்புறம் தம்பியப் படிக்க வெக்கறது அவங்கதான். ஒரு நாள்கூட அதப் பத்திப் பேசி நான் கேட்டதில்ல. நாலு, கோவம் வராது. வந்தா பேசமாட்டாங்க, அவ்ளோதான். அஞ்சு, எனக்கு ஜுரம் வந்தப்ப எங்கம்மா ஊர்ல இல்ல சார், மூணு நாள் ஸ்கூல் விட்டு வந்து அவங்கதான் ரசம் வெச்சுக் குடுத்தாங்க. வேற ஏதாவது டவுட் இருக்கா சார்?"

பெரியவர் கிரில்லின் கம்பி வழியாக என்னைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா?" என்றார்.

நல்ல வெயில். ஓடிப்போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் நிறைய எடுத்து வந்தேன். டம்ளர் கம்பிக்கு நடுவில் நுழையவில்லை. சாய்த்து நுழைத்தேன், பாதி அவருடைய சட்டைக் கையில் கொட்டிவிட்டது. மீதியை அண்ணாந்து குடித்தார். டம்ளரைத் திருப்பித் தரும்போது கிரில்லில் தொங்கிய பூட்டை ஒரு கணம் பார்த்தார். "நீ சொன்னதே போதும்மா" என்று சொல்லிவிட்டு ஈரச் சட்டையோடு போனார்.

ஐந்து நிமிடத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்து வீட்டிலிருந்து முகம் தொங்கிப்போய் வந்தாள். திருவள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தரகரைப் பிடித்து உலுக்கியதில் காரணம் வெளியே வந்ததாம். "ஏதோ ஒரு வீட்டுல கிரில்லே தொறக்கலையாம். மனப்பாடம் பண்ண மாதிரி நல்லதா ஒப்பிச்சு, நிக்க வெச்சே அனுப்பிட்டாங்களாம். தண்ணி கேட்டதுக்குக் கம்பி வழியா நீட்டினாங்களாம். அவருக்குப் புரிஞ்சிடுச்சாம்" என்றாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கோடி வீட்டுப் பையனுக்காக அம்மா தாழ்ப்பாளில் கை வைத்து நின்றது அப்போதுதான் என் கண்முன் வந்தது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

பிறகு தெருவே ஒரு என்கொயரி நடத்தியது. இதற்கு எந்த எழுத்து என்று ஆங்கிலப் பேராசிரியருக்குச் சந்தேகமே இருந்திருக்காது. யார் வீட்டில் கதவு திறக்கவில்லை? முன்னின்று நடத்தியது என் அம்மா. ஒரு வீட்டில் காபியோடு முறுக்கும் கொடுத்தார்களாம். இன்னொரு வீட்டில் பால் திரிந்துபோய் ஹார்லிக்ஸ் கொடுத்தார்களாம்; டம்ளரைக்கூடக் காட்டினார்கள். "நாங்கதான் ஊர்லயே இல்லையே" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ வேலைக்குப் போயிருந்தல்ல?" என்றாள்.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிரில்லைத் திறக்காதது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

ஒருமுறை மாட்டிக்கொள்ளவும் இருந்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த தேவராஜ் அண்ணனிடம் அம்மாவும் நானும் துணி வாங்கப் போனோம். அம்மா அங்கேயும் விசாரணையைத் தொடங்கினாள். "இன்னாமா, அந்தக் கொடக்காரரா? என்னாண்டயும் டீச்சரம்மாவப் பத்திக் கேட்டாரு, நல்லாத்தான் சொன்னேன். ஆனா அவரு உங்க வூட்டாண்டதான் ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தாரு" என்றார் தேவராஜ் அண்ணன்.

"எங்க வீடு பூட்டி இருந்துச்சுப்பா. நிழலுக்கு நின்னிருப்பாரு."

தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "இன்னாவோ, எனக்கு எதுக்குமா பேஜாரு" என்று பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டார்.

அந்த நாட்களில் சுகுணா அக்காவோடு ஸ்டேஷனுக்கு நடப்பது எனக்குத் தண்டனையாக இருந்தது. அவள் எப்போதும் போலப் பேசினாள், கொஞ்சம் குறைவாக. பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பதினாறாம் நாள், படிக்கட்டில் பிரிகிற இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கிரில் வீடு எங்க வீடுதான். நான்தான் தொறக்கல."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நான் மாடில துணி எடுத்துட்டிருந்தேன். நீ ஒண்ணுன்னு ஆரம்பிச்சதுலேர்ந்து கேட்டுட்டுதான் இருந்தேன்." வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "நீ அஞ்சு முடிச்சப்ப எனக்கே என்னக் கட்டிக்கலாம்னு தோணிடுச்சுடீ."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. "அப்ப பூட்டப் பத்தி உங்களுக்கும் தோணலையாக்கா?"

"இல்ல. நான் நீ பேசறதக் கேட்டேன். அவரு பூட்டப் பாத்தாரு."

தரகரிடம் விலாசம் வாங்கித் திருவள்ளூர் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். "இப்பப் போய் நீ சொன்னா, ஏதோ பெருசா இருக்குன்னுதான் நெனப்பாங்க. அதுவுமில்லாம அவருக்கு வேற எடம் நிச்சயமாயிடுச்சாம்" என்றாள். அதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. கோபம் வந்தால் பேசமாட்டாள் என்று நான்தானே நாலாவது விரலை மடக்கிச் சொன்னேன்; பேசிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உங்கம்மாகிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி? ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுடும். நாளைலேர்ந்து ஸ்டேஷனுக்கு நான் தனியா நடக்கணும்" என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற வண்டிக்கு ஓடினாள். அன்றைக்கு என் வண்டியை நான் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு வந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தம்பிக்கு வேலை கிடைத்து, அவன் கல்யாணம் முதலில் நடந்தது. முப்பத்தைந்து தாண்டியதும் அக்காவே ஜாதகத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பூட்டுதான் காரணம் என்று சொல்லமுடியாது. அவளும் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அவள் சிரித்துக்கொண்டு மூன்று தடவை சொன்ன மாதிரி ஓர் இடம் மறுபடி வரவில்லை.

என் கல்யாணக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடைக்காரப் பெரியவர் வந்து போய் மூன்று வருடம் கழித்து எனக்கு என்கொயரி வந்தது. வீடு தேடி வந்த இருவர் நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை வந்தவர்களில் ஒருவரான என் கணவரின் சித்தப்பா, கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னார். "வாடகைக்கு வீடுன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள டீச்சரம்மா கிரில்லத் தொறந்துட்டாங்கம்மா. ஃபேனுக்குக் கீழ உக்கார வெச்சு, காபி குடுத்து, போதும்னாலும் விடாம ரெண்டாம் டம்ளரும் குடுத்தாங்க."

"என்னப் பத்தி என்ன சொன்னாங்க சித்தப்பா?"

"பெருசா ஒண்ணும் சொல்லலியே. நல்ல பொண்ணு, கொஞ்சம் நெறைய பேசும்னாங்க. அதுக்கு மேல என்ன கேக்கறது, கெளம்பி வந்துட்டோம்."

அப்போது நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

இப்போது அந்தத் தெருவில் தனி வீடு ஒன்றுகூட இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் கட்டிய ஃப்ளாட்டில்தான், மூன்றாவது மாடியில், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தேவராஜ் அண்ணனின் வண்டி நின்ற இடத்தில் ஏ.டி.எம். இருக்கிறது. சுகுணா அக்கா வீட்டை விற்று, தன் பங்குக்கு முடிச்சூரில் ஒரு சின்ன வீடு வாங்கிப் போனாள். பெருவெள்ளத்தில் அவளுடைய பீரோ மூழ்கியது. சர்டிபிகேட்டுகளைக் காயவைத்து எடுத்தாள், ஜாதகம் போயிற்று. "போனாப் போவுது" என்றாள் போனில். பிறகு மேலே ஒரு மாடி எடுத்து அதில் குடியிருக்கிறாள். ரிட்டயர் ஆகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவோம். "எல்லாரையும் கேட்டதா சொல்லு" என்றுதான் முடிப்பாள்.

அந்த இளைஞரை வாசலில் நிற்கவைத்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன். அவர் போனைப் பார்த்தபடி, "எதிர் ஃப்ளாட்ல இருக்கறவங்களத் தெரியுமா மேடம்?" என்றார். அந்தப் பெண்ணை லிஃப்டில் பார்த்திருக்கிறேன். காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பாள். அவள் பெயரே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் ஒரு பெண்ணின் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

"ரொம்ப நல்ல பொண்ணு" என்றேன்.

"அது வேணாம் மேடம். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஓகே மேடம்." போனில் எதையோ தட்டினார். பிறகு திரும்பி எதிர் ஃப்ளாட்டின் கிரில்லை, அதில் தொங்கிய பூட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார். "லொகேஷன் மேட்ச் ஆயிடுச்சு. எல்லாம் கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கிப் போனார். அவருக்காகப் போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் மாடியில் நான்கு வீடு. என்னுடையதைத் தவிர மூன்று கிரில்லிலும் பட்டப்பகலில் பூட்டுத் தொங்குகிறது. உள்ளே ஆள் இருந்தாலும் தொங்குகிறது. அதைப் பார்த்து யாரும் யாரைப் பற்றியும் எதுவும் நினைத்துக்கொள்வதில்லை. அந்தக் குடைக்காரப் பெரியவர் இன்றைக்கு வந்திருந்தால், பூட்டைப் பார்க்காமல் நான் சொன்ன ஐந்தையும் மட்டும் கேட்டுக்கொண்டு போயிருப்பார். சுகுணா அக்காவுக்குக் கல்யாணம் நடந்திருக்கும்.